செக்குமாடும் 1140 பாகையும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறீர்கள். மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இப்போது பிளஸ் ஒன், கணக்கு முழுவதும் ஆங்கிலத்தில். 1140°, −1000°, 29பை/6, −17பை/4, −47°30′ ஆகிய ஐந்துக்கும் ஒரு சுற்றுக்குள் அடங்கும் கோடெர்மினல் கோணத்தைக் காண வேண்டும் என்பது வீட்டுப்பாடம். −1000°க்கு மகள் 280° என்று எழுதியிருக்கிறாள், கைபேசிச் செயலி 80° என்கிறது, எது சரி, சூத்திரம் ஏதும் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில், மகள் முணுமுணுத்ததாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: “1140உம் 60உம் ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு எண்?” நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான். செயலி சொன்ன 80° சரி. சூத்திரமும் உண்டு, ஒரே வரி. ஆனால் அந்த முணுமுணுப்புக்கு விடை தெரியாமல் சூத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், அடுத்த மாதம் வேறொரு கணக்கில் இதே இடத்தில் வந்து நிற்பாள்.

நான் அதே மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழி உயர்நிலை வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். பிளஸ் ஒன் வகுப்பை நேரடியாக எடுத்ததில்லை. என்னிடம் படித்து அங்கே போனவர்கள் மாலையில் நோட்டுடன் வீட்டுக்கு வந்து நிற்பதால் அந்தப் பாடத்தோடு பழக்கம். அவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பத்தாம் வகுப்பு வரை கோணம் என்பது ஏதாவது ஒரு முக்கோணத்தின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பதினொன்றில் ஒரே நாளில் அது எழுந்து சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. மூலையாக இருந்தது திருப்பமாக மாறிவிட்டது என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு மொழி. நாம் கோணம் என்பதை மலையாளத்தில் கோண் என்கிறார்கள். நம் முக்கோணவியல் அங்கே திரிகோணமிதி. வகுப்பிலோ இரண்டும் இல்லாமல் ஆங்கிலம். கோடெர்மினல் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரே இடத்தில் முடிகிறவை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மரச்செக்கு ஓடியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; மகள் பார்த்திருக்க மாட்டாள், சொல்லிக்காட்டுங்கள். நடுவில் உரல், அதில் உலக்கை, அதோடு இணைந்த நீண்ட மரத்தில் மாடு. மாடு கிளம்பும்போது மரம் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் தொடக்கப் பக்கம். மாடு நடந்து எங்கோ நிற்கிறது. அப்போது மரம் காட்டும் திசை முடிவுப் பக்கம். இடையில் மாடு எவ்வளவு திரும்பியது என்பதுதான் கோணம். மாடு 60° நடந்து நின்றாலும், மூன்று முழுச் சுற்றுச் சுற்றி அதற்கு மேல் 60° நடந்து நின்றாலும் மரம் ஒரே திசையைத்தான் காட்டும். மூன்று சுற்று 1080°. அதோடு 60° சேர்ந்தால் 1140°. நின்ற மாட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் செக்குக்காரருக்குத் தெரியும், எண்ணெய் ஒன்றல்லவே.

ஆக 1140°உம் 60°உம் ஒன்றல்ல. ஒரே இடத்தில் முடிகின்றன, அவ்வளவுதான். சைன், கொசைன், டேன்ஜென்ட் ஆகியவை நின்ற மாட்டை மட்டும் பார்க்கிறவை. அதனால்தான் சைன் 1140° என்று கேட்டால் தயக்கமில்லாமல் சைன் 60° என்று மாற்றி √3/2 என எழுதிவிடலாம். ஆனால் மாடு நடந்த தூரத்தைக் கேட்டால் அப்படி மாற்றக் கூடாது. மாடு உரலின் நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி நடக்கிறது என்றால், 60°க்கு அது நடந்த தூரம் ஏறத்தாழ 3.14 மீட்டர். 1140° என்பது ரேடியனில், அதாவது 180°ஐப் பை என்று சொல்லும் அளவில், 19பை/3. அதை 3 மீட்டரால் பெருக்கினால் 19பை, அதாவது சுமார் 59.7 மீட்டர். வில்லின் நீளம் காணும் கணக்கும் இதே பாடத்தில்தான் வருகிறது. “சுற்றுகளைக் கழித்துவிடலாம்” என்று கற்ற சூட்டில் அங்கேயும் கழித்துவிட்டு, விடை பொருந்தவில்லையே என்று விழிக்கிறவர்கள் உண்டு. மகளின் கேள்விக்கு என் பதில் இதுதான்: இடத்தைக் கேட்கும் கணக்குக்கு 60 போதும், நடையைக் கேட்கும் கணக்குக்கு 1140 வேண்டும், அதனால் இரண்டு எண்.

இனி குறைக்குறி. கணிதத்தில் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகத் திரும்பினால் மிகை. வலஞ்சுழியாகத் திரும்பினால் குறை. இது வெறும் வழக்கம், இதற்குள் தத்துவம் எதுவும் கிடையாது. நாம் கோயிலை வலம் வருவது கடிகாரத் திசையில் என்பதால், பிள்ளையாரை மூன்று முறை சுற்றி வருகிறவர் கணக்குப்படி −1080° திரும்பியிருக்கிறார். புண்ணியத்தில் குறை இல்லை, குறியில்தான். இன்னும் வேடிக்கையான ஒன்று நம் பக்கத்துச் சிவன் கோயில்களில் இருக்கிறது. அபிஷேக நீர் வெளியேறும் ஓவைத் தாண்டக் கூடாது என்பது கேரளத்து வழக்கம். ஓவு வரை போய், வந்த வழியே திரும்பி, மறுபக்கமாக மீண்டும் ஓவு வரை போய், சன்னதி வாசலுக்குத் திரும்புவார்கள். போன அளவு திரும்பியும் வந்துவிடுவதால் அவருடைய மொத்தத் திருப்பம் 0°. பிள்ளையாரை ஒரு சுற்றுச் சுற்றியவருக்கு −360°. இருவரும் கடைசியில் சன்னதிக்கு நேரே நிற்கிறார்கள். 0°உம் −360°உம் கோடெர்மினல் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பாலக்காட்டு மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அடுத்த நாளே யாராவது ஒருவன் கோயிலில் நின்று கோணம் எண்ணிவிட்டு வருவான்.

−1000°க்கு வருவோம். உங்கள் மகள் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரிகிறது. 1000ஐ 360ஆல் வகுத்தாள். ஈவு 2, மீதி 280. முதல் கணக்கில் அது வேலை செய்தது: 1140ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 60, விடை 60°. அதே கையோடு இங்கே 280° என்று எழுதிவிட்டாள். வகுத்ததில் தவறில்லை. வகுக்கும்போது கழற்றி வைத்த குறைக்குறியைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டாள். மீதி −280°. அதுவும் −1000°க்குக் கோடெர்மினல்தான், ஆனால் 0°க்குக் கீழே கிடக்கிறது. இன்னும் ஒரு சுற்றுக் கூட்டினால் 80°. நேராகவே போகலாம்: −1000க்கு எத்தனை 360 கூட்டினால் 0ஐத் தாண்டும்? இரண்டு கூட்டினால் −280, மூன்று கூட்டினால் 80. தாண்டிய உடனே நிறுத்த வேண்டும். கால்குலேட்டரில் 1000ஐ 360ஆல் வகுத்து, வரும் 2.777இன் தசமப் பகுதியை எடுத்து 360ஆல் பெருக்குகிற பிள்ளைகளும் இதே 280இல்தான் வந்து விழுவார்கள், காரணமும் அதே காரணம்.

நீங்கள் கேட்ட சூத்திரம் இதுதான்: கொடுத்த கோணத்தோடு 360°இன் ஏதாவது ஒரு முழு எண் மடங்கைக் கூட்டினால் அல்லது கழித்தால் கிடைப்பதெல்லாம் அதற்குக் கோடெர்மினல். மடங்கு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் விடைகளுக்கு முடிவே இல்லை; அதனால்தான் கேள்வித்தாள் “0°க்கும் 360°க்கும் இடையில்” என்று வேலி கட்டுகிறது. இதைத் திருப்பிப் போட்டால் சோதனை கிடைக்கிறது: இரண்டு கோணங்களைக் கழித்து வருவது 360ஆல் மீதியின்றி வகுபட்டால் அவை கோடெர்மினல். 410°உம் −310°உம்? வித்தியாசம் 720, ஆம். 150°உம் −150°உம்? வித்தியாசம் 300, இல்லை. குறியை மாற்றினால் கோடெர்மினல் கிடைத்துவிடும் என்று ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து பேராவது நம்பினார்கள். படம் போட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். ஒன்று மேலே இடப்பக்கம், இன்னொன்று கீழே இடப்பக்கம். கண்ணாடியில் பார்த்ததுபோல நிற்கும்.

ரேடியனில் ஒரு சுற்று 2பை. பிள்ளைகள் இங்கே பின்னத்தைக் கண்டு பயப்படுகிறார்கள், பயத்துக்குத் தேவையே இல்லை. 29பை/6இல் கீழே 6 இருக்கிறது. ஒரு சுற்றையும் ஆறில் சொல்லுங்கள், 12பை/6. இனி பையையும் ஆறையும் மறந்துவிட்டு 29இலிருந்து 12ஐ எத்தனை முறை எடுக்கலாம் என்று பாருங்கள். இரண்டு முறை, மிச்சம் 5. விடை 5பை/6. அடுத்ததில் கீழே 4, சுற்று 8பை/4. −17க்கு மூன்று எட்டு கூட்டினால் 7, விடை 7பை/4. இதில் ஒரு கண்ணி மட்டும் எச்சரிக்க வேண்டும். 2பைக்குப் பதிலாக பையைக் கழித்துவிடுவது. 19பை/6ஐ எடுத்து “3பை போக பை/6” என்று எழுதுவார்கள். 3பை என்பது ஒன்றரைச் சுற்று. மாடு எதிர்ப்புறம் போய் நிற்கும். சரியான விடை 7பை/6. சைன் பை/6 அரை, சைன் 7பை/6 குறை அரை. மதிப்பெண் போவது அந்தக் குறியில்தான்.

டேன்ஜென்ட்டுக்கு 180° கழித்தால் போதுமே, வகுப்பில் அப்படிச் சொன்னார்களே என்று மகள் கேட்கலாம். சொன்னது சரி. டேன் 240°உம் டேன் 60°உம் சமம். ஆனால் மதிப்புச் சமமானதால் கோணங்கள் கோடெர்மினல் ஆகிவிடாது. சைனிலும் அதே கதை: சைன் 120°, சைன் 60° இரண்டும் √3/2, மாடு நிற்பதோ வேறு வேறு இடத்தில். சைனும் கொசைனும் ஒருசேரப் பொருந்தினால் மட்டுமே இடம் ஒன்று என்று துணிந்து சொல்லலாம். இதேபோல், 5பை/6ஐக் கண்டபிறகு மதிப்புக் காண்பதற்காகக் கிடை அச்சோடு அது அமைக்கும் குறுங்கோணமான 30°ஐ எடுப்பார்கள். அது வேறு படி, அதையே கோடெர்மினல் விடையாக எழுதிவைக்கக் கூடாது. முதலில் சுற்றுகளைத் தள்ளுவது, பிறகு வட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் (0° முதல் 90° வரை முதலாவது, 180° வரை இரண்டாவது என்று) எது எனப் பார்ப்பது, அதன் பிறகே குறுங்கோணமும் குறியும். 5பை/6 இரண்டாம் கால்பகுதியில் இருப்பதால் சைன் அரை, கொசைன் −√3/2.

இன்னொன்று இருக்கிறது, உங்கள் மகளுக்கு இப்போது தேவைப்படாமலும் போகலாம். சுற்றைத் தள்ளிவிட்டுப் பிறகு பாதியாக்கக் கூடாது. 60°உம் 420°உம் கோடெர்மினல். அவற்றின் பாதிகள் 30°உம் 210°உம், நேர் எதிரெதிர். அரைக்கோணச் சூத்திரங்கள் வரும்போது நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இங்கே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பெருக்கினால் கெடுதல் இல்லை; வகுக்கும்போது தள்ளிய சுற்றுகள் வந்து கணக்குக் கேட்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பாடம் என்று வீட்டில் யாராவது சொன்னால், பஞ்சாங்கத்தைக் காட்டுங்கள். கிரகம் எங்கே இருக்கிறது என்று கணிப்பவர் செய்வது இதே வேலை. ஆரியபட்டர் கணக்கில் ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டுகள், 157,79,17,500 நாட்கள். யுகத்தில் ஒரு கிரகம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற எண்ணை வைத்து, கலியுகத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களுக்கு எத்தனை சுற்று என்று காண்பார்கள். முழுச் சுற்றுகளுக்குப் பகணம் என்று பெயர். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் 12 ராசி, ராசிக்கு 30 பாகை என்று எழுதுவார்கள். பாலக்காட்டுக்குத் தென்மேற்கே இரிஞ்ஞாலக்குடா பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கருதப்படும் சங்கமகிராம மாதவன் தந்த சைன் அட்டவணையில் 24 மதிப்புகள்தான், 3°45′ இடைவெளியில், 90° வரை. அவ்வளவு போதுமா என்றால் போதும். எவ்வளவு பெரிய கோணமானாலும் சுற்றைத் தள்ளி, கால்பகுதிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்பதால் நூறாயிரம் பாகைக்கு அட்டவணை போட வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. இனி சொல்வது அப்படியல்ல, வழக்கத்தையும் ஆசிரியரையும் பொறுத்தது. கேட்ட கோணம் சரியாக 720° என்றால் விடை 0°ஆ 360°ஆ? 0°ஐச் சேர்த்து 360°ஐ விடுவதே பெருவழக்கு, நானும் அப்படித்தான் திருத்தினேன். ஆனால் “இடையில்” என்ற சொல்லை இரு முனையும் நீங்கலாகப் படிக்கிற ஆசிரியருக்கு அங்கே விடையே கிடையாது. ஒரு கோணம் தனக்குத்தானே கோடெர்மினலா? வரையறையை நேராகப் படித்தால் ஆம். “வெவ்வேறு கோணங்கள்” என்று சொல்லித் தொடங்கினால் இல்லை. “ஒரு மிகைக் கோணமும் ஒரு குறைக் கோணமும் தருக” என்ற வகைக் கேள்விக்கு எண்ணற்ற சரியான விடைகள் உண்டு. விடைக் குறிப்பில் இருப்பதும் மகள் எழுதியதும் வேறுபட்டால் கழித்துப் பார்த்து 360 மடங்கா என்று சோதித்துவிட்டு ஆசிரியரிடம் கேட்கட்டும். உங்கள் மகளின் ஆசிரியர் படிகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவார் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பாகையில் கேட்டதற்குப் பாகையில், ரேடியனில் கேட்டதற்கு ரேடியனில் எழுதுவது எங்கும் பாதுகாப்பு. பாகைக் குறி இல்லாமல் வெறுமனே சைன் 10 என்று இருந்தால் அது 10 ரேடியன். அதிலிருந்து ஒரு சுற்றான 6.2832ஐக் கழித்தால் 3.7168, மூன்றாம் கால்பகுதி, மதிப்பு −0.5440. கால்குலேட்டர் பாகையில் இருந்தால் 0.1736 என்று காட்டி ஏமாற்றிவிடும்.

நீங்கள் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதாகவும் உதவ முடியவில்லையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு அது தடையே அல்ல. செயலி 80° என்று சரியாகத்தான் சொன்னது, ஆனால் 280° ஏன் தவறு என்று சொல்லவில்லை. உங்களால் அவளைச் சொல்லவைக்க முடியும். ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் பக்கம் சுற்றியது, எத்தனை முழுச் சுற்று, மரம் இப்போது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். −1000°க்கு வலஞ்சுழியாக இரண்டு சுற்று, அதற்கு மேல் 280° என்று விரலால் வரைந்தாலே, மரம் மேல்நோக்கி, ஏறத்தாழ வடக்கே வந்து நிற்பது தெரிந்துவிடும். 280° எழுதியிருந்தால் கீழ்நோக்கி நின்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்க பிளஸ் ஒன் படிப்பு வேண்டாம்.

ஐந்தாவதை, −47°30′ஐ, நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் 360°ஐ 359°60′ என்று உடைத்து எழுதிக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். விடை நான்காம் கால்பகுதியில் வர வேண்டும். வந்ததா என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.